ஒரே விரிசல், இரண்டு நோய்

போன மாதம் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கார்கள் பழுதுபார்க்க வந்தன. இரண்டிலும் பழுது ஒன்றுதான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் மேனிஃபோல்டில் மாட்டியிருக்கும் முனைக்குப் பக்கத்தில் காய்ந்து வெடித்திருந்தது. விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். இரண்டுமே நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், இரண்டுமே 1.5 லிட்டர்.

முதல் கார் ஐடிலில், பெடலை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, நடுங்கியது. ஆர்பிஎம் 650-க்கும் 850-க்கும் நடுவே ஏறி இறங்கியது, சிலசமயம் நின்றும் போனது. ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம், பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம், கூட்டல் 27 சதவீதம் காட்டியது. அதாவது பெட்ரோல் போதவில்லை என்று ஆக்சிஜன் சென்சார் சொல்லிக்கொண்டே இருக்க, இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியு கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் ட்ரிம் 6-க்கு இறங்கி இன்ஜின் அமைதியாக ஓடியது. இரண்டாவது கார் நடுங்கவே இல்லை. ட்ரிம் வெறும் 2 சதவீதம். ஆனால் ஐடில் 1400-ல் போய் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. ஐடில் வால்வை ஈசியு முழுக்க மூடிவைத்தும் பலனில்லை.

என்னிடம் வேலை பழகும் பையன் இரண்டு ஹோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டுலயும் ஒரே இடத்துலதானே கிழிஞ்சிருக்கு? ஏன் ஒண்ணு நடுங்குது, இன்னொண்ணு கத்துது?" என்று கேட்டான்.

கேட்க வேண்டிய கேள்வி. முதல் காரில் காற்றை அளப்பது, பெடலை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவான த்ராட்டிலுக்கு முன்னால், ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும் மாஃப் சென்சார். விரிசல் த்ராட்டிலுக்குப் பின்னால். அந்த வழியாக நுழைந்த காற்று கணக்கில் வரவே இல்லை, அதற்கான பெட்ரோலும் வரவில்லை. கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, இன்ஜின் நடுங்கியது. 2500-ல் மொத்தக் காற்று பெருகிவிடுவதால் விரிசலின் பங்கு சிறுத்துப்போகிறது, அதனால் ட்ரிம் இறங்கியது. இரண்டாவது காரில் இருப்பது மேப் சென்சார். அது அளப்பது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை. காற்று த்ராட்டில் வழியாக வந்தாலும் விரிசல் வழியாக வந்தாலும் கடைசியில் அந்த அழுத்தத்தில்தான் சேர வேண்டும். ஆக பெட்ரோல் சரியாகவே போயிற்று. சரியான கலவை கூடுதலாகக் கிடைத்தால் இன்ஜின் வேகமாகத்தானே ஓடும்?

விரிசலைக் கட்டைவிரலால் மூடிப் பார்க்கச் சொன்னேன். மேப் காரில் விரலை வைத்த உடனே 1400-லிருந்து 800-க்கு இறங்கியது. மாஃப் காரில் நடுக்கம் அடங்கியது, ஆனால் ஒரு கணம் இன்ஜின் மூச்சுத் திணறியது. கூட்டிவைத்த 27 சதவீதம் இப்போது வேண்டாத பெட்ரோல் ஆகிவிட்டதல்லவா? ட்ரிம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை ஸ்கேனரில் பார்த்தபடி நின்றான். அன்றைக்கு அவனிடம் வாய்ப்பேச்சில் சொன்னதை நிதானமாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

காற்றை அளக்கிறோம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். ஈசியுவுக்கு உண்மையில் வேண்டியது, இந்தச் சிலிண்டருக்குள், இந்த ஸ்ட்ரோக்கில், எத்தனை மில்லிகிராம் காற்று அடைபடப்போகிறது என்ற ஒரே ஒரு எண். பெட்ரோல் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று, அதுவும் எடைக்கு எடை. அந்த எண் கிடைத்தால் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்பது எளிய வகுத்தல். ஆனால் அதை நேராக அளக்கும் சென்சார் எந்த வண்டியிலும் கிடையாது. எல்லா முறையும் வேறு எதையோ அளந்து, மீதியை நம்புகிறது. ஒவ்வொன்றும் எதை நம்புகிறது என்று தெரிந்துகொண்டால், அது எப்படிப் பழுதாகும் என்பதும் தெரிந்துவிடும். ஸ்கேனரைக் கையில் எடுக்கும் முன் நான் பார்க்கும் முதல் விஷயம் அதுதான்.

மேப் முறைக்கு ஸ்பீடு டென்சிட்டி என்று பெயர். அதன் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான். ஒரு சிலிண்டர் 500 சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்ட் அழுத்தம் 50 கிலோபாஸ்கல், காற்றின் வெப்பம் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கி, காற்றுக்கான மாறிலி 287-ஆலும் 300-ஆலும் வகுத்தால் 0.29 கிராம். சிலிண்டர் முழுக்க நிரம்பினால் இவ்வளவு காற்று. ஆனால் முழுக்க நிரம்பாது. வால்வு திறந்து மூடும் நேரம், போர்ட்டின் வடிவம், சிலிண்டரில் மிச்சம் தங்கும் எக்ஸாஸ்ட் புகை எல்லாம் சேர்ந்து ஒரு பங்கைக் குறைக்கும். 80 சதவீதம்தான் நிரம்புகிறது என்றால் 0.23 கிராம் காற்று, கிட்டத்தட்ட 16 மில்லிகிராம் பெட்ரோல்.

அந்த 80 என்ற எண்தான் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி. மேப் முறை நம்பியிருப்பது அதைத்தான். சென்சார் அதை அளக்கவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கண்டுபிடித்து அட்டவணையில் எழுதியிருக்கிறார். 16-க்கு 16 கட்டம் என்றால் 256 எண்கள். இன்ஜின் அட்டவணை எழுதிய நாளில் இருந்தபடியே இருந்தால் எல்லாம் நலம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை மாற்றினால் அத்தனை எண்ணும் பொய்யாகிவிடும். ஈஜிஆர் வால்வு வழியாக எக்ஸாஸ்ட் புகை மேனிஃபோல்டுக்குத் திரும்பினால், அதன் அழுத்தத்தையும் மேப் சென்சார் காற்று என்றே எண்ணும். எவ்வளவு புகை என்று ஈசியு தனியாகக் கணித்துக் கழித்தாக வேண்டும்.

ஆனால் மேப் முறையில் என்னை அதிகம் படுத்தியது அழுத்தமோ அட்டவணையோ இல்லை, வெப்பம். என் சொந்தக் காருக்கு நானே ஸ்பீடு டென்சிட்டி போட்டபோது, காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் ஐஏடி சென்சாரை மேனிஃபோல்டின் அலுமினியத்திலேயே திருகிவிட்டேன். ஓட்டமெல்லாம் அருமை. ஆனால் சூடான வண்டியை நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து எடுத்தால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் பிக்கப் இருக்காது, தும்மும். மூன்று வாரம் இன்ஜெக்டரையும் பம்பையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஈசியு பதிந்துவைத்த லாகை விரித்துப் பார்த்தால், ஸ்டார்ட் செய்யும்போது ஐஏடி 72 டிகிரி. வெளிக்காற்று 38. இன்ஜின் நின்றிருந்தபோது அலுமினியத்தின் சூடு சென்சாரின் உடம்புக்குள் ஏறிவிட்டது. 72 டிகிரிக் காற்று என்று நம்பிய ஈசியு, காற்று லேசாக இருக்கும் என்று கணக்குப்போட்டுப் பெட்ரோலைக் குறைத்தது. 311 கெல்வினை 345 ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.90. பத்து சதவீதம் லீன்.

சரி என்று சென்சாரைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பக்கத்துப் பிளாஸ்டிக் குழாயில் வைத்தேன். தும்மல் போய்விட்டது. இப்போது நெரிசலில் ஊர்ந்து போகும்போது கலவை ரிச், பெட்ரோல் கூடுதல். ஐடிலில் காற்று மெதுவாகத்தான் நகர்கிறது. சூடான மேனிஃபோல்டைக் கடந்து வால்வை அடைவதற்குள் 40 டிகிரி 55 ஆகிவிடுகிறது. குழாயில் இருக்கும் சென்சாருக்கு அது எப்படித் தெரியும்? ஐந்து சதவீதம் வித்தியாசம். கடைசியில் சென்சாரை த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் வைத்து, ஐஏடிக்கும் கூலண்ட் வெப்பத்துக்கும் நடுவே ஒரு மதிப்பை, காற்றோட்டம் குறைந்தால் கூலண்ட் பக்கமாகவும் கூடினால் ஐஏடி பக்கமாகவும் சாயும்படி, ஒரு சிறிய அட்டவணையாகக் கொடுத்தேன். நல்ல ஈசியு எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. மேப் முறையில் டியூன் செய்யத் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, பெட்ரோல் அட்டவணையைத் தொடும் முன் ஐஏடி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்பதே.

இந்த முறைகளின் வரலாறு பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களில் எலக்ட்ரோஜெக்டர் என்ற எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனைக் கொண்டுவந்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் வந்து, நிலைக்காமல் போனது. அதன் காப்புரிமைகளைப் பயன்படுத்தி போஷ் நிறுவனம் 1967-ல் டி-ஜெட்ரானிக்கை ஃபோக்ஸ்வாகன் 1600-ல் கொண்டுவந்தது. டி என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் ட்ரூக். அதில் இருந்த மேப் சென்சார் இன்றைய சிலிக்கான் சில்லு இல்லை, பாரமானியில் இருப்பதைப் போன்ற காற்று நீக்கிய உலோகப் பெட்டிகள் உள்ளே சுருங்கி விரியும் கனமான கருவி. அப்புறம் எல்-ஜெட்ரானிக், எல் என்றால் லுஃப்ட், காற்று. அடுத்து எல்ஹெச், ஹெச் என்றால் ஹிட்ஸ்ட்ராட், சூடான கம்பி.

எல்-ஜெட்ரானிக்கின் மடல் சென்சாரை இப்போது பழைய கார்களில்தான் பார்க்கிறேன். ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு, காற்று தள்ளத் தள்ளத் திறக்கும், அதன் அச்சில் கோணத்தை வோல்டேஜாக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்க, அதே அச்சில் இன்னொரு மடல். பல மாடல்களில் உள்ளேயே ஒரு சுவிட்ச் உண்டு. இன்ஜின் நின்று கதவு மூடினால் பெட்ரோல் பம்பும் நின்றுவிடும். அழகான யோசனை. ஆனால் கதவைத் தள்ளும் விசை காற்றின் அடர்த்தியோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் போகிறது, அதனால் அது காட்டுவது எடையும் இல்லை, கன அளவும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. உயரமான மலையில் அடர்த்தி 80 சதவீதமாகக் குறைந்தால், திருத்தம் செய்யாத மடல் சென்சார் உண்மையைவிட 12 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கார்பன் தடம் தேய்ந்த பிறகு ஒரே இடத்தில் எப்போதும் தடுக்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார்மான் சுழல் சென்சார் வேறு வகை. ஓடும் காற்றின் நடுவே ஒரு குச்சியை நிறுத்தினால், அதன் பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகும். வேகம் கூடக் கூட அடிக்கடி கழலும். அதை எண்ணினால் போதும். மிட்சுபிஷி அதை அல்ட்ராசவுண்டால் எண்ணியது. டொயோட்டா சில இன்ஜின்களில், சுழலின் அழுத்தத்தால் நடுங்கும் மெல்லிய கண்ணாடியில் ஒளியைப் பட்டுத் தெறிக்கவைத்து எண்ணியது. தேயும் பாகம் இல்லை, கணக்கு நேர்கோடு. ஆனால் கிடைப்பது கன அளவு மட்டும். எடையாக்க அழுத்தமும் வெப்பமும் தனியாக வேண்டும்.

சூடான கம்பிக்கு வருகிறேன், மாஃப் என்று சொன்னது இதைத்தான். எனக்கு மிகவும் பிடித்த சென்சார் அது. தொடக்க கால எல்ஹெச் சென்சாரில் இருந்த பிளாட்டினக் கம்பியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. அதைக் காற்றைவிடச் சுமார் 100 டிகிரி அதிகச் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதே சர்க்யூட்டின் ஒரே வேலை. காற்று ஓடினால் கம்பி குளிரும். குளிராமல் இருக்கக் கூடுதல் கரண்ட் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுத்தோம் என்பதே காற்றின் அளவு. அடர்த்தியான காற்று அதிகம் குளிரவைக்கும், மெலிந்த காற்று குறைவாக. ஆக அழுத்தம், உயரம் எல்லாம் தானாகவே கணக்கில் வந்துவிடுகிறது. கிராம் கணக்கில் நேராகப் பேசும் சென்சார் இது ஒன்றுதான்.

சூடான 1.5 லிட்டர் இன்ஜின் ஐடிலில் நொடிக்கு 2 முதல் 3 கிராம் காற்று குடிக்கும். முழு த்ராட்டிலில், 6000 ஆர்பிஎம்மில் 75, 80 கிராம். முப்பது மடங்கு இடைவெளி. இதைச் சமாளிக்கக் கம்பியின் இயற்பியலே கைகொடுக்கிறது: குறைந்த ஓட்டத்தில் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும், அதிக ஓட்டத்தில் படுத்துக்கொள்ளும். ஐடிலில், துல்லியம் மிகவும் தேவைப்படும் இடத்தில், அது மிகக் கூர்மையாக இருக்கிறது.

கம்பியின் எதிரி அழுக்கு. பழைய வகையில் இன்ஜினை அணைத்த பிறகு ஒரு நொடி கம்பியை 1000 டிகிரிக்கு மேல் சூடேற்றி, ஒட்டியதை எரித்துவிடும் ஏற்பாடு இருந்தது. இருட்டில் மூடியைத் திறந்துவைத்து அந்தச் சிவப்புக் கோடு ஒளிர்ந்து அணைவதை ஒருமுறை பார்த்தேன். இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது வரும் ஹாட் ஃபிலிம் வகையில் அந்த எரிப்பு இல்லை, தூசி படாத வளைவான பாதைக்குள் சில்லை வைத்துவிடுகிறார்கள். ஆனாலும் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரை மாட்டி, எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால் அது போய்ப் படிந்துவிடும். அப்படி ஒரு வண்டியில் ஐடிலில் ட்ரிம் 3, 4000-ல் லோடு கொடுத்தால் 19. முதலில் சொன்ன விரிசலுக்கு நேர் எதிர். ட்ரிம் ஐடிலில் கூடி மேலே குறைந்தால் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து மேலே கூடினால் மாஃப் அழுக்கு, அல்லது பெட்ரோல் வரத்துக் குறைவு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சென்சாரின் மேல் எண்ணெயில் ஊறிய பஞ்சு இழை. மாஃபுக்கென்றே வரும் ஸ்ப்ரே அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டினேன். 19 நான்காக இறங்கியது. பஞ்சு சுற்றிய குச்சியால் துடைக்காதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். அதன் பிறகு புதுசு வாங்குவதைத் தவிர வழியிருக்காது.

சரி, கம்பி எதை நம்புகிறது? தன்னைக் கடந்து போன காற்று எல்லாம் சிலிண்டருக்குத்தான் போகிறது என்று நம்புகிறது. இந்த நம்பிக்கை பொய்க்கும் இடங்கள் பல. விரிசல் ஒன்று. டர்போ இன்ஜினில் கம்ப்ரஸருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே குழாய் கழன்றால், எண்ணிய காற்று வெளியே போய்விடும். கலவை ரிச் ஆகிக் கரும்புகை வரும். அதே பழுது மேப் காரில் வந்தால் புகை வராது, இழுவை மட்டும் குறையும்.

இன்னொன்று, மேனிஃபோல்ட் ஒரு தொட்டி என்பது. 3 லிட்டர் மேனிஃபோல்ட், 40 கிலோபாஸ்கலில் இருக்கிறது. பெடலை ஒரே மிதியாக மிதித்தால் 100-க்கு ஏற வேண்டும். அந்தத் தொட்டியை நிரப்ப மட்டும் சுமார் 2 கிராம் காற்று தேவை. கம்பி இந்த 2 கிராமையும் எண்ணிவிடும், ஆனால் அது அப்போது சிலிண்டருக்குப் போகவில்லை. மேலே போட்ட கணக்கில் ஒரு சிலிண்டரின் பங்கு 0.23 கிராம், ஒன்பது சிலிண்டர் பங்கு கூடுதலாக எண்ணப்பட்டுவிட்டது. தொட்டி நிரம்பும் கணக்கை ஈசியு தானே போட்டுக் கழித்தால்தான் சரியாகும்.

கம்பி ஏமாறும் இடங்களில் மிக விசித்திரமானது திரும்பி வரும் காற்று. வால்வை நீண்ட நேரம் திறந்துவைக்கும் கேம் போட்ட 2 லிட்டர் இன்ஜின் ஒன்று, 2400 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டில் கொடுத்தால் கரும்புகை தள்ளியது. லாகில் மாஃப் நொடிக்கு 58 கிராம் காட்டியது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2400-ல் அந்த இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 2 லிட்டர் இழுக்கும். நிமிடத்துக்கு 1200 முறை, நொடிக்கு 40 லிட்டர். முழுக்க நிரம்பினாலே 46 கிராம்தான். டர்போ இல்லாத, அந்தக் கேம் போட்ட இன்ஜின் அந்த ஆர்பிஎம்மில் 46-ஐ எட்டவே எட்டாது. நடந்தது இதுதான்: வால்வு தாமதமாக மூடுவதால் உள்ளே போன காற்றில் ஒரு பங்கு குழாயில் பின்வாங்கி, கம்பியைக் கடந்து, மறுபடி உள்ளே போகிறது. முன்னே போனாலும் பின்னே வந்தாலும் கம்பி குளிரத்தான் செய்யும். அதே காற்றை மூன்று முறை எண்ணிவிட்டது. திசையை உணரும் ஹாட் ஃபிலிம் வகை பின்னால் வந்தது இதற்காகத்தான். அந்த வண்டியில் மாஃபைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், நடுவில் பெரிய ஏர் பாக்ஸ் வைத்தேன், பாதி குறைந்தது. மீதிக்காக மேப்புக்கு மாற்றினேன், 256 கட்டத்தையும் நிரப்பினேன்.

அதைவிடப் பெரிய கேம், சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் என்று போகும் ரேஸ் இன்ஜின்களில் மேப்பும் கைவிடும். த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்த உடனே அழுத்தம் வெளிக்காற்றின் அருகே போய்விடும்; அதற்கு மேல் எவ்வளவு திறந்தாலும் எண் நகராது. ஐடிலிலோ துடித்துக்கொண்டே இருக்கும். அங்கேதான் ஆல்பா-என். த்ராட்டில் கோணமும் ஆர்பிஎம்மும் மட்டும் பார்த்து அட்டவணையிலிருந்து பெட்ரோல். காற்றை இது அளப்பதே இல்லை. வேகமானது, மிதித்த கணமே தெரியும். ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்தாலும் மலை ஏறினாலும் த்ராட்டில் தட்டில் கரி படிந்தாலும் அதற்குத் தெரியாது. வெளி அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தம் சேர்க்காமல் இதைத் தினசரி ஓட்டும் வண்டியில் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

எது உயர்ந்தது என்று பெரிய கம்பெனிகளே ஒரு முடிவுக்கு வரவில்லை. ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் இன்ஜினில் 1986 முதல் மேப் இருந்தது. 1989-ல் எல்லாவற்றையும் மாஃபுக்கு மாற்றினார்கள். 1985 முதல் மாஃபில் ஓடிய செவர்லே கார்வெட்டோ 1990-ல் மேப்புக்கு வந்தது, 1994-ல் மறுபடி மாஃபுக்குத் திரும்பியது. இரண்டு கம்பெனிகளும் ஒரே காலத்தில் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன. ஹோண்டா 80-களிலும் 90-களிலும் மேப்பை விடாமல் பிடித்திருந்தது.

இரண்டு சென்சாரும் இருக்கும் வண்டிதான் எனக்குப் பிடித்தது, ஓட்டுவதற்கு மட்டும் இல்லை, பழுது பார்க்கவும். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். இழுவை இல்லை என்று வந்த ஒரு 2 லிட்டர் காரில் முழு த்ராட்டில், 4000 ஆர்பிஎம். மேப் 96 கிலோபாஸ்கல் என்றது. அந்த இன்ஜின் அந்த நிலையில் 60 கிராமுக்கு மேல் குடிக்க வேண்டும். மாஃப் 44 என்றது. மாஃப் அழுக்கோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் மாஃப் குறைத்துச் சொல்லியிருந்தால் கலவை லீன் ஆகி ட்ரிம் கூடியிருக்க வேண்டும். ட்ரிம் 2-லேயே இருந்தது. அப்படியென்றால் 44 உண்மை. மேனிஃபோல்டில் காற்று காத்திருக்கிறது, சிலிண்டர் வாங்க மறுக்கிறது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டினேன். 2500-ல் 20 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது; 48 காட்டியது. எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருந்தது. வெறும் மேப் மட்டும் இருந்திருந்தால், போகாத காற்றுக்கெல்லாம் பெட்ரோல் ஊற்றியிருக்கும்.

பையனிடம் கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் இன்ஜின் ஒன்று இருக்கிறது. அதற்கு இன்ஜெக்ஷன் போட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. மாஃபே போடலாம், அதுதான் நேராக அளக்கிறது என்றான். கேம் மாற்றுவாயா என்று கேட்டேன், இல்லை என்றான். த்ராட்டில் ஒன்றா நாலா? ஒன்று. மாஃபுக்கு முன்னும் பின்னும் நேரான குழாய் வேண்டும், வளைவை ஒட்டி வைத்தால் காற்று ஒருபக்கமாகச் சுழன்று வரும், உன் இன்ஜின் பெட்டியில் அதற்கு இடம் எங்கே? அளந்து பார்த்தான், ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் வரை இரண்டு சாண், அதிலும் ஒரு வளைவு. மேப் போடு என்றேன்.

நேற்று மாட்டி முடித்தான். ஐஏடியைப் பிளாஸ்டிக் குழாயில், த்ராட்டிலுக்கு நாலு விரல் முன்னால் வைத்திருந்தான். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மட்டும் திருப்பி மேப் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஓடாத இன்ஜினில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டியாக வேண்டும், காட்டாவிட்டால் மேலே எதுவும் செய்வதில் பயனில்லை. 100 என்றது. பாரமானியும் 100. ஸ்டார்ட் செய்தான். ஐந்தாறு முறை தடுமாறி, கட்டங்களைத் திருத்தித் திருத்தி, மாலைக்குள் ஐடில் 850-ல், மேப் 36-ல், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 14.7-ஐச் சுற்றி நின்றது.

அப்புறம் அவனாகவே பிரேக் பூஸ்டர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, முனையை லேசாக இழுத்துவிட்டான். உஸ்ஸென்று காற்று நுழைந்தது, ஐடில் 1300-க்கு ஏறியது. வைட்பேண்ட் 14.6, 14.8, 14.7. "பாருங்கக்கா, இதுக்குத் தெரியுது" என்றான். ஹோஸை மறுபடி அழுத்தினான், இறங்கியது. இன்னொரு முறை இழுத்தான்.